இழுத்துப் பார்க்காத அங்கருக்குப் பில் எழுதாதீர்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக்களின் தலைவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும், அந்தக் கூட்டங்களில் பின்வரிசையில் இடம் கிடைக்கும் கமக்கார அமைப்புப் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து போன பிறகு உங்கள் கூட்டங்களில் திருத்தவேலைப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. குளக்கட்டு, வான் (குளம் நிரம்பினால் மேலதிக நீர் வழியும் இடம்), துருசு (நீர் திறந்துவிடும் மதகு), பாலத்துக்கு ஏறும் வீதி, ஆற்றங்கரை என்று எல்லாம் அதில் இருக்கின்றன. அந்தப் பட்டியல்களில் இப்போது புதிதாக ஒரு வரி தலைகாட்டுகிறது: ‘சாய்ந்த தாங்குசுவரை அங்கர் போட்டு நிறுத்துதல்’. அங்கர் என்றால் சுவரைத் துளைத்து, பின்னால் உள்ள மண்ணுக்குள் பிடிப்பித்து, சுவரை இழுத்துக் கட்டும் கம்பி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

நான் கேட்பது இதுதான். அங்கர் போட்ட எந்தச் சுவருக்கும், அதிலுள்ள ஒவ்வோர் அங்கரையும் ஜாக் வைத்து இழுத்துப் பார்த்து எழுதிய தாள் உங்கள் மேசைக்கு வராமல் கடைசிப் பில்லுக்குத் தலையாட்டாதீர்கள். இழுத்துப் பார்க்கக் காசில்லை என்றால் அங்கரே வேண்டாம். வேறு வழிகள் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன்.

நீர்ப்பாசன வேலைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கட்சிக்காரனும் இல்லை, ஒப்பந்தகாரனும் இல்லை.

‘வன்னியில் எங்கே ஐயா மலை?’ என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மண்சரிவு என்றால் பதுளை, நுவரெலியா, கண்டி, கேகாலை, இரத்தினபுரி என்றுதான் வானொலியில் பெயர் வாசிப்பார்கள். எங்கள் மாவட்டங்களின் பெயர் அதில் வராது. அதனாலேயே சரிவைப் பார்த்துப் பயப்படும் பழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனால் இயற்கை தராத சரிவை நாங்களே வெட்டி வைத்திருக்கிறோம். வான் வாய்க்கால் குடைந்த இடத்தில் நெட்டுக்கு நிற்கும் நாலைந்து மீற்றர் மண்ணைப் பாருங்கள். கனகராயன் ஆறு, பாலியாறு, பேராறு ஆகியவற்றில் பாலத்தடியைப் பாருங்கள். கிரவல் அள்ளிய குழியின் விளிம்பில் வீதி போகிற இடங்களும் இருக்கின்றன. மலைநாட்டில் 40 மீற்றர் சரிவுக்குப் பொருந்துகிற அதே மண் கணக்குத்தான் இங்கே 4 மீற்றருக்கும்.

சுவர் எப்போது சாய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? வெள்ளம் முட்டி ஓடும்போது பெரும்பாலும் இல்லை. வான் பாய்வது நின்று, வாய்க்காலில் தண்ணீர் மளமளவென்று இறங்கி, சனம் ‘அப்பாடா’ என்று வீட்டுக்குப் போன பிறகுதான். முன்னால் நின்ற தண்ணீர் சுவரைத் தாங்கிக்கொண்டிருந்தது. அது போய்விட்டது. பின்னால் மண்ணுக்குள் ஊறிய தண்ணீர் மட்டும் போகவில்லை.

கணக்குப் போட்டால் இன்னும் தெளியும். 4 மீற்றர் உயரச் சுவருக்குப் பின்னால் சாதாரணக் கிரவல் கலந்த மண் காய்ந்து கிடந்தால், சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் அது ஏறத்தாழ 5 தொன் விசையுடன் தள்ளும். அதே மண்ணில் மேல்மட்டம் வரை தண்ணீர் நின்றால் தண்ணீர் மட்டுமே 8 தொன் தள்ளும். நனைந்து மிதக்கும் மண்ணின் தள்ளலையும் சேர்த்தால் பத்தரை தொன்னுக்கு வரும். இரண்டு மடங்குக்கு மேல்! ஆக முதலில் பார்க்கவேண்டியது தண்ணீர் வடியும் ஓட்டைகளை. நான் பார்த்த பல சுவர்களில் பீ.வி.சி. குழாய் வைத்திருக்கிறார்கள், ஆனால் பூச்சு வேலை நடந்தபோது மேசன் அதன் வாயைச் சாந்தால் மெழுகிவிட்டுப் போயிருக்கிறார். அல்லது குழாய்க்குப் பின்னால் சல்லியும் மணலும் போடாமல் களியைத் தள்ளி மூடியிருக்கிறார்கள், முதல் மாரியிலேயே அடைத்துவிட்டது. அங்கருக்கு லட்சக்கணக்கில் செலவழிக்க முன் அலவாங்கால் அந்த ஓட்டைகளைக் குத்தித் திறந்து பாருங்கள். சில சுவர்களுக்கு அதுவே போதும்.

சரி, ஓட்டை திறந்தும் போதாது, சுவர் சாய்ந்துதான் நிற்கிறது, பின்னால் வீதியோ வீடோ இருப்பதால் மண்ணை வெட்டிச் சரிவைக் குறைக்கவும் இடமில்லை. அங்கேதான் அங்கருக்கு வேலை. சுவரைத் துளைத்து, கொஞ்சம் கீழ்நோக்கிய சாய்வில் (வழக்கமாக 15 பாகையளவில்) பின்னால் உள்ள மண்ணுக்குள் நீளமாகத் துளையிட்டு, கம்பியையோ முறுக்குக் கேபிளையோ செருகி, துளையின் அடிப்பகுதியில் சீமெந்துப் பால் ஏற்றி இறுகவிட்டு, சுவரின் முகத்தில் பிளேட் வைத்து இழுத்துப் பூட்டுவார்கள். புதிய வித்தை ஒன்றும் இல்லை. 1934 இலேயே அல்ஜீரியாவின் செயுர்பாஸ் அணையைப் பிரெஞ்சுப் பொறியியலாளர் ஆந்திரே குவான் இப்படித்தான், அணையின் உச்சியிலிருந்து கீழே பாறை வரை கேபிள் இறக்கி, கட்டி நிறுத்தினார்.

அங்கரில் இரண்டு பகுதிகள் உண்டு. உள்முனையில் சீமெந்து மண்ணையும் கம்பியையும் ஒட்டிப் பிடிப்பது பிடிப்பு நீளம். அதற்கும் சுவருக்கும் இடைப்பட்டது கட்டற்ற நீளம். அங்கே கம்பி எதையும் பிடிக்கக் கூடாது, கிரீஸ் பூசிய உறைக்குள் வழுக்கிக்கொண்டு கிடக்கவேண்டும். ஏன் இப்படி? சுவர் விழுந்தால் அதன் பின்னால் ஆப்பு வடிவில் ஒரு மண்துண்டு கூடவே இறங்கும். அந்த ஆப்புக்கு அப்பால், அசையாத மண்ணில்தான் பிடி இருக்கவேண்டும். ஆப்புக்குள் பிடித்தால் மண் போகும்போது அங்கரும் சேர்ந்து போகும். 5 மீற்றர் சுவரில் அடியிலிருந்து மூன்றரை மீற்றர் உயரத்தில் அங்கர் வைத்தால், சாதாரண மண்ணில் ஆப்பின் எல்லை சுவரிலிருந்து ஏறத்தாழ 2 மீற்றர் உள்ளே இருக்கும். அதற்கு மேல் இன்னொரு ஒன்றரை மீற்றர் தள்ளித்தான் பிடிப்பு நீளம் தொடங்கலாம். பிடிப்பு நீளம் குறைந்தது 3, 4 மீற்றர். கூட்டிப் பாருங்கள், ஆறரை, ஏழு மீற்றருக்குக் குறைந்த துளைக்கு அங்கே இடமே இல்லை.

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு குளத்து வானின் பக்கச் சுவரில் நான் கண்டது 2 மீற்றர் துளை. டோர் கம்பியைச் செருகி, வாய் வரை சீமெந்து ஊற்றி, பிளேட் வைத்து, நட்டை ஸ்பானரால் முறுக்கி, மேலே சாம்பல் நிற வர்ணமும் அடித்திருந்தார்கள். படத்தில் அருமையாக இருந்தது. வேலை முடிவு அறிக்கையில் அந்தப் படம்தான் போனது. இழுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ‘நட்டு இறுகினது தானே ஐயா’ என்றார் ஒப்பந்தகாரரின் ஆள். ஒன்றரைப் போகம் தாங்கியது அந்தச் சுவர். பெயர் எழுதி யாரையும் மாட்டிவிடுவது என் நோக்கமல்ல, ஏனென்றால் அந்த வேலையின் விலைமனுப் பத்திரத்தில் இழுத்துச் சோதிக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இருக்கவில்லை. கேட்காததை அவர் செய்யவில்லை, அவ்வளவுதான்.

வரைபடத்தை மட்டும் நம்பிப் பில் எழுத முடியாததற்கும் காரணம் இருக்கிறது. 100 மில்லிமீற்றர் துளையில் 4 மீற்றர் பிடிப்பு நீளம் என்று வையுங்கள். இறுகிய களியில் அந்தப் பிடி சதுரமீற்றருக்கு 5 தொன் அளவில்தான் கிடைக்கும் என்றால் மொத்தமாக ஆறு தொன்னோடு வழுக்கிவிடும். உக்கிய பாறையில் சதுரமீற்றருக்கு 20 தொன் கிடைத்தால் அதே துளை 25 தொன் தாங்கும். ஒரே கம்பி, ஒரே சீமெந்து, ஒரே காசு, ஆனால் நான்கு மடங்கு வித்தியாசம். எங்கள் நிலத்தின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது பழைய கருங்கற்பாறை. புவியியலாளர்கள் அதை வன்னித் தொகுதி என்றே அழைக்கிறார்கள். ஆனால் அதன் மேல் உக்கல் எவ்வளவு ஆழம் என்பது ஒரே குளக்கட்டின் இரு கரைகளிலும் வேறுவேறாக இருக்கும். குழாய்க்கிணறு அடிப்பவர்களைக் கேளுங்கள், ஒரே வளவில் இரண்டு இடத்தில் இரண்டு ஆழத்தில் கல் தட்டிய கதை ஒவ்வொருவரிடமும் இருக்கும். துளையிடும்போது ஒவ்வொரு மீற்றருக்கும் வெளியே வந்த மண்ணின் நிறத்தையும் பதத்தையும் எழுதிவைத்தாலே பாதி விளங்கும். மீதி இழுத்தால்தான் விளங்கும்.

சோதனை என்றால் ஆய்வுகூடம், கணினி என்று நினைக்காதீர்கள். வேண்டியது நடுவில் துளையுள்ள ஒரு ஹைட்ரோலிக் ஜாக், அதற்குரிய அழுத்தமானி, மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு காட்டும் ஒரு டயல் கேஜ், ஒரு கடிகாரம், ஒரு தாள். அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் 1999 இல் வகுத்த முறையை உலகின் பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். ஐரோப்பியரின் முறை கொஞ்சம் வேறு, சாரம் ஒன்றுதான். வடிவமைப்புச் சுமை, அதாவது அங்கர் தாங்கவேண்டும் என்று கணக்கில் போட்ட சுமை, 10 தொன் என்றால் இழுக்கவேண்டியது 13.3 தொன் வரை. ஒரேயடியாக அல்ல: வடிவமைப்புச் சுமையின் கால்பங்கு, அரைப்பங்கு, முக்கால்பங்கு, முழுச்சுமை, அதன் 1.2 மடங்கு, கடைசியாக 1.33 மடங்கு என்று படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் கம்பியின் தலை எவ்வளவு வெளியே வந்தது என்று எழுதவேண்டும். உச்சச் சுமையில் 10 நிமிடம் பிடித்துவைக்கவேண்டும். முதலாம் நிமிடத்திலிருந்து பத்தாம் நிமிடம் வரை 1 மில்லிமீற்றருக்கு மேல் ஊராவிட்டால் நல்லது. ஊர்ந்தால் 60 நிமிடம் வரை பிடித்துவைக்கவேண்டும், ஆறாம் நிமிடத்திலிருந்து அறுபதாம் நிமிடம் வரை 2 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த அங்கர் தோற்றது. அதைக் குறைந்த சுமைக்கு வைத்துப் பக்கத்தில் இன்னொன்று போடவேண்டும்.

இன்னொரு சோதனை அந்தத் தாளிலேயே ஒளிந்திருக்கிறது. என்னைக் கேட்டால் இதுதான் கள்ளத்தைப் பிடிப்பது. இரும்பு இழுத்தால் நீளும், எவ்வளவு நீளும் என்பதும் கணக்கு. 25 மில்லிமீற்றர் கம்பிக்குக் கட்டற்ற நீளம் மூன்றரை மீற்றர் என்றால் 13.3 தொன்னில் நாலரை மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே நீளவேண்டும், சுமையை இறக்கினால் திரும்பிவரவேண்டும். அதில் 80 வீதமாவது கிடைக்காவிட்டால், கட்டற்றது என்று சொன்ன நீளத்திலும் சீமெந்து பிடித்துவிட்டது, பிடி ஆப்புக்குள்தான் இருக்கிறது என்று அர்த்தம். அளவு மிகக் கூடினால் பிடி உள்ளே வழுக்குகிறது. வெளியில் நின்று பார்க்கிறவனுக்கு எல்லா அங்கரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நாலரை வரவேண்டிய இடத்தில் ஒரு மில்லிமீற்றர் வந்தால், 2 மீற்றர் துளைக்காரர் அங்கேயே அகப்படுவார்.

டயல் கேஜ் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள், தயவுசெய்து. சுவரிலேயே ஒட்டிவைத்தால் எண் பிழைக்கும். ஜாக் இழுக்கும்போது பிளேட் சுவரை உள்ளே அமுக்கும், கேஜும் சுவரோடு சேர்ந்து போகும். சுவரைத் தொடாத, கொஞ்சம் தள்ளி நிலத்தில் ஊன்றிய முக்காலியில் கேஜ் இருக்கவேண்டும். இழுக்கும் நேரத்தில் கம்பிக்கு நேரே பின்னால் யாரும் நிற்கக் கூடாது. அறுந்தால் அது ஆளைக் கொல்லும், படம் எடுக்கும் தம்பிமாருக்கு இதை முதலே சொல்லிவைக்கவேண்டும்.

மிதிவெடி அகற்றிய காணி எப்படிச் சனத்தின் கைக்கு வந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அகற்றிய அணியே ‘சுத்தம்’ என்று சொன்னதும் வேலி பிரிக்கவில்லை. வேறு ஆட்கள் வந்து பார்த்து, எழுதிக் கையொப்பமிட்ட பிறகுதான் பிரித்தார்கள். எங்கள் பிள்ளைகள் பலர் அந்த வேலையில் இருந்தவர்கள், இப்போதும் இருக்கிறார்கள். மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பதை வாய்ச்சொல்லில் ஏற்றுக்கொள்ளாத பழக்கம் வன்னிக்கு இருக்கிறது. அதைச் சுவருக்கும் கேட்கிறேன்.

மன்னார்க் குழுவுக்கு மட்டும் ஒரு தனிச் சொல். முருங்கன் பக்கத்துக் கருங்களி மண் மழையில் ஊதி, வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கிற சாதி. கட்டுக்கரைக் குளத்தின் கீழே வயல் செய்கிறவர்களுக்குத் தெரியும். அதில் பிடிப்பு நீளம் வைத்தால் 10 நிமிடச் சோதனையில் தேறிய அங்கர்கூட மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஊர்ந்து தளரலாம். அங்கே நீண்ட நேரம் பிடித்துவைக்கும் ஊர்வுச் சோதனை இல்லாமல் ஒன்றையும் ஏற்காதீர்கள். என் அபிப்பிராயத்தில் அந்த மண்ணில் அங்கர் போடாமல் விடுவதே மேல்.

துருவைப் பற்றியும் சொல்லவேண்டும். உலகெங்கும் துருவால் அறுந்த அங்கர்களின் விவரங்களை ஒரு சர்வதேசக் குழு 1986 இல் திரட்டியபோது 35 சம்பவங்கள் கிடைத்தன. பெரும்பாலானவை தலைப்பகுதியை ஒட்டியோ கட்டற்ற நீளத்திலோ நடந்தவை. சீமெந்துக்குள் புதைந்த பிடிப்பு நீளத்தில் அறுந்தது மிகச் சொற்பம். கெடுவது பெரும்பாலும் நாங்கள் கையெட்டிப் பார்க்கக்கூடிய தலையடியில்தான். ஆகவே தலையைச் சாந்து பூசி மூடிவிடாமல், கிரீஸ் நிரப்பிய கழற்றக்கூடிய மூடி போடச் சொல்லுங்கள். கம்பியின் வாலைக் கட்டையாக வெட்டாமல் ஜாக் பிடிக்க அளவு மீதி விட்டால், சில வருடம் கழித்துத் திரும்ப இழுத்து எவ்வளவு சுமை மிச்சம் இருக்கிறது என்று பார்க்கலாம். மூடி இரும்பென்றால் பழைய இரும்புக்காரர் கழற்றிக்கொண்டு போவார்கள் என்ற பயம் எனக்கும் உண்டு. தடித்த பிளாஸ்ரிக்கில் செய்யலாம்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். ஜாக் வாடகையும் ஒரு நாள் கூலியும், இடிந்த சுவரைத் திரும்பக் கட்டும் செலவுக்குக் கிட்டவும் வராது. ஜாக்கின் அழுத்தமானி சரியான எண் காட்டுகிறதா என்று பார்க்கக் கொழும்புக்கு ஓடவும் தேவையிருக்கக் கூடாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அந்தப் பீடத்துடன் பேசி, அளவுகருவிகளைச் சரிபார்க்கவும் முதல் இரண்டு மூன்று அங்கர்களின் விரிவான சோதனைக்கு மேற்பார்வை தரவும் ஓர் ஏற்பாட்டைக் குழு செய்யலாம். மாணவர்களுக்கும் அது நல்ல பாடம்.

வேறு வழிகள் என்றேனே. 3 மீற்றருக்கு உட்பட்ட சுவருக்கு அங்கர் என்பது வீண் பகட்டு. அகலமான அடியுள்ள கல்லுச் சுவர் தன் பாரத்தாலேயே நிற்கும். இடம் இருந்தால் சரிவை வெட்டிப் படுக்கவையுங்கள், புல் பிடிக்கவிடுங்கள். கம்பிவலைக் கூடைக்குள் கல் நிரப்பிய சுவர் தண்ணீரைத் தானே வடியவிடும், கொஞ்சம் அசைந்தாலும் இடியாது, உள்ளூர் ஆட்களே கட்டலாம். வன்னியில் பத்தில் எட்டு இடத்துக்கு இவற்றில் ஏதோ ஒன்று போதும் என்பது என் எண்ணம். மண்ணாணி என்று இன்னொரு முறையும் சொல்வார்கள், நெருக்கமாகப் பல கம்பிகளை இழுக்காமலே அடித்துவிடுவது. அதில் எல்லாவற்றையும் சோதிக்கத் தேவையில்லை, சிலவற்றைச் சோதித்தால் போதும், ஆனால் அந்தச் சிலவற்றை யாராவது சோதிக்கத்தான் வேண்டும்.

காணி விஷயமும் ஒன்று இருக்கிறது. 7, 8 மீற்றர் அங்கர் பல இடங்களில் வீதி எல்லையைத் தாண்டி அடுத்தவர் வளவுக்கடியில் போகும். நாளைக்கு அவர் குழாய்க்கிணறு அடித்தால் கம்பி அறுந்துவிடும். ஆகவே வளவுக்காரரின் எழுத்துச் சம்மதமும், அங்கர் எந்த ஆழத்தில் எந்தத் திசையில் போகிறது என்ற வரைபடமும் பிரதேச சபையில் இருக்கவேண்டும்.

அடுத்த கூட்டத்தில் நிகழ்ச்சிநிரலில் இதைச் சேருங்கள். உங்கள் மாவட்டத்தில் ஏற்கெனவே அங்கர் போட்ட சுவர்கள் எவை, எவற்றுக்கு இழுவைத் தாள் இருக்கிறது என்ற பட்டியலைத் திணைக்களங்களிடம் கேளுங்கள். தாள் இல்லாத ஒவ்வொரு சுவரிலும் சில அங்கர்களையாவது, கமக்கார அமைப்பின் ஓர் ஆளை அருகில் வைத்துக்கொண்டு, பெரும்போக மழைக்கு முன் திரும்ப இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இனி வரும் விலைமனுக்களில் சோதனையைத் தனி உருப்படியாக, தனி விலையோடு போடுங்கள். மொத்த விலைக்குள் ஒளித்தால் அதுதான் முதலில் வெட்டுப்படும். இழுவைத் தாளின் மாதிரிப் படிவம் ஒன்றைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் குழு கேட்டாலும் வந்து தருகிறேன், ஜாக்குக்குப் பக்கத்தில் நின்று நிரப்பியும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.